வாவிக்கரையில் ஒரு வெண்திரை

மட்டக்களப்பு வாவியை அடுத்த அமிர்தகழியில் 1939ஆம் ஆண்டு பிறந்தவர் பாலு மகேந்திரா. புனித மிக்கேல் கல்லூரியில் பயின்று, பூனாவில் ஒளிப்பதிவு கற்று, தமிழ்த் திரைக்கு இயற்கை ஒளியின் அழகை உணர்த்திய கலைஞர் அவர். 2014இல் சென்னையில் மறைந்தார். அவரை ஈன்ற மண்ணில், அவர் எடுத்தவை போன்ற படங்களைக் காட்டுவதற்கென்று தனியே ஓர் அரங்கம் இல்லை. இந்தக் குறையைச் சிறு அளவிலேனும் போக்க முயலும் இளைஞர் சிலர் கல்லடிப் பக்கத்தில் படம் காட்டுகிறார்கள் என்று அறிந்து, ஒரு மாலை நாமும் சென்றோம்.

அதை அரங்கம் என்று சொல்வதற்கில்லை. சுவரில் ஒரு வெள்ளைத் துணி, இரவல் வாங்கிய புரொஜெக்டர், முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், வாயிலில் விரும்பியவர் காசு போட ஒரு தகரப் பெட்டி, இவ்வளவே. மின்விசிறி சுழன்றால் வசனம் கேட்கவில்லை. விசிறியை நிறுத்தும்படி கூட்டமே கேட்டுக்கொண்டது. வியர்வையில் நனைந்தபடி எல்லோரும் படம் பார்த்தோம்.

அன்று காட்டப்பட்டது 1988இல் வெளிவந்த ‘வீடு’. பாட்டில்லை, சண்டையில்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் சொந்தமாகச் சிறு வீடு கட்ட முயல்கிறாள். கடன், அனுமதி, ஒப்பந்தக்காரனின் களவு என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தடை. சொக்கலிங்க பாகவதர் நடித்த முதிய பாட்டனார், கட்டி முடியாத அந்த வீட்டைத் தள்ளாடி வந்து பார்க்கிறார். அப்போது மண்டபத்தில் ஒரு செருமலும் எழவில்லை.

இத்தகைய படம் பாமர மக்களுக்கு விளங்காது என்பவர் உண்டு. 1978 நவம்பரில் வீசிய சூறாவளியில் கூரையை இழந்தவர்கள் இப்பகுதி மக்கள். போரில் வீட்டையும் காணியையும் விட்டு ஓடியவர்கள். 2004 டிசம்பரில் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் புகுந்தபோது சுவரும் மிஞ்சாமல் நின்றவர்கள். வீடு என்றால் என்னவென்று இவர்களுக்கு யார் விளக்க வேண்டும்? எமக்கு அருகில் இருந்த மூதாட்டி ஒருவர், திரையில் கண்ணை வைத்தபடியே, “சீமெந்து வாங்கி வச்சாத்தான் மழை வரும் மனே” என்றார். அந்த ஒரு வார்த்தை போதும். படம் அவருக்கு விளங்கிவிட்டது.

ஆகவே, குறை மக்களின் ரசனையில் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பதில் இருக்கிறது. தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்து வாழ்வை வைத்து 1970களின் பிற்பகுதியில் ‘பொன்மணி’யை எடுத்தார். தென்னிந்திய வணிகப் படங்களுக்கே பழகிய கொட்டகைகளில் அது நிலைக்கவில்லை. கொட்டகைக்காரரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. ஊழியருக்குச் சம்பளமும் மின்சாரத்துக்குப் பணமும் மாதந்தோறும் அவர் கட்டியாக வேண்டும். வேறு வழி சங்கங்களுடையது. 1947இல் சத்யஜித் ராய் முதலியோர் கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் அமைத்தனர். உலகப் படங்களை வரவழைத்துப் பார்த்தனர், விவாதித்தனர். ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது 1955இல். பார்வையாளன் முதலில் உருவானான். படைப்பாளி அவனிடையே இருந்து எழுந்தான்.

இதில் காலம் தாழ்த்தவும் முடியாது. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகிய தம் படங்களின் மூலச்சுருள்கள் அழிந்துபோயின என்று பாலு மகேந்திரா தம் இறுதிக் காலத்தில் வருந்தினார். தமிழ்ப் படங்களைப் பேணும் காப்பகம் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே மறைந்தார். பார்ப்பார் இல்லாத படத்தைப் பேணுவாரும் இலர். ஒரு படத்தை ஊரறியத் திரையிடுவதும் அதைக் காப்பாற்றும் வேலையே.

பெரிய மூலதனம் எதையும் நாம் கேட்கவில்லை. பாடசாலை மண்டபங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. வாசிகசாலைகளில் சுவர் இருக்கிறது. கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. வாவியின் இரு கரைகளிலும் மாதம் ஒரு மாலை, ஒரு நல்ல படம், பின்னர் அரை மணி நேரப் பேச்சு என்று தொடங்கினால் போதும். அடுத்த மாதத்துப் படத்துக்கு அந்த இளைஞர்களுக்கு இன்னும் இருபது நாற்காலிகள் தேவைப்படுகின்றன.