அம்மாவின் முகம் சிவந்தது!

அன்று காலை என் அம்மாவின் முகம் குங்குமமாய்ச் சிவந்துவிட்டது. கோபமல்ல, உடம்பெல்லாம் ஒரே எரிச்சல், அரிப்பு! குற்றவாளி யார் தெரியுமா? சாட்சாத் நான்தான்.

அம்மாவின் ரத்தத்தில் கொலஸ்டிரால் அதிகம். டாக்டர் ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். "மருந்தென்றாலே பயமாயிருக்குடி. வைட்டமின் ஏதாவது வாங்கி வாயேன்" என்றாள் அம்மா. நானும் எங்கோ படித்ததை நம்பி, பி3 என்னும் நியாசினை வாங்கிக் கொடுத்தேன். ஸ்டாடின் அலமாரியில் தூங்கியது.

டாக்டரிடம் ஓடினோம். "நீங்கள் படித்தது பொய்யல்ல" என்றார் அவர். நியாசின் கொலஸ்டிராலைக் குறைக்கும் என்று 1955-லேயே கனடாவில் கண்டறிந்தார்களாம். ஆனால், உடம்புக்குத் தினம் வேண்டியது சுமார் 15 மில்லிகிராம். கொலஸ்டிராலைக் குறைக்கவோ 1,000-க்கும் மேல்! அந்த அளவில் அது வைட்டமினே அல்ல, மருந்து. ஈரலைப் பாதிக்கலாம், ரத்தத்தில் சர்க்கரையும் ஏறலாம்.

25,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2014-ல் வெளியாயிற்று. ஸ்டாடினோடு நியாசினையும் சேர்த்துக் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை, தொல்லைகள்தாம் கூடின.

"அது கிடக்கட்டும், நான் கொடுத்த மாத்திரை எங்கே?" என்றார் டாக்டர். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சகோதரிகளே, வைட்டமினுக்கு வேர்க்கடலையும் மீனும் கீரையும் இருக்கின்றன. மாத்திரைப் புட்டி வாங்குமுன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அம்மா இப்போது ஒழுங்காக ஸ்டாடின் சாப்பிடுகிறாள். நான் வாங்கி வருவதை மட்டும் தொடுவதில்லை!