குறிப்பேட்டில் இல்லாத இரவு

2024 மே மாதம் நான் ஒரு வெயில் குறிப்பேடு எழுதத் தொடங்கினேன். தெற்குத் தில்லியின் முனீர்காவில், நான்காம் மாடிக்கும் மேலே தனித்து நிற்கும் ஓர் ஒற்றையறையில் அப்போது குடியிருந்தேன். இத்தகைய மாடியறையை இங்கே ‘பர்சாத்தி’ என்பார்கள். ‘பர்சாத்’ என்றால் மழை. மழையின் பெயரைச் சூடிய அவ்வறையின் கூரையும் மூன்று சுவர்களும் பகல் முழுவதும் நேர்வெயிலில் நிற்பவை. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நகர மறுத்த நாள்கள் அவை. நாளுக்கு நான்கு வரியாவது எழுதினோம் என்ற ஆறுதல் வேண்டியிருந்தது, வெயிலை எழுதினேன்.

ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் ஒரு வெப்பமானி வாங்கி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தொங்கவிட்டேன். பிற்பகல் 3 மணி அளவு, காற்றின் திசை, வானத்தின் நிறம், ஒரு வரிக் குறிப்பு. மாலையில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தின் அன்றைய உச்ச அளவையும் பக்கத்தில் எழுதிவைப்பேன். என் அளவு எப்போதும் மூன்று நான்கு டிகிரி கூடுதலாகவே இருந்தது. முதல் பத்து நாள்கள், வெயிலைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்றே நம்பினேன். தேநீர்க் கடையில் நண்பர்களிடம் அவ்வாறே வாதிடவும் செய்தேன். பிறகுதான் அளக்கும் முறையைப் படித்தேன். வெள்ளை வண்ணம் பூசிய, சுற்றிலும் சாய்வுப் பலகைகள் கொண்ட மரப்பெட்டிக்குள் வெப்பமானி இருக்க வேண்டும். பெட்டி தரையிலிருந்து நான்கடிக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். நம் பாதி உலகத்தில் அதன் கதவு வடக்கு நோக்கித் திறக்க வேண்டும். இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. அப்பெட்டி காற்றின் வெப்பத்தை மட்டும் அளக்கும். நான் அளந்ததோ காற்றோடு சேர்த்துச் சிமெண்டுத் தளத்தையும் தொட்டியையும்.

மே 29 அன்று முங்கேஷ்பூரின் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. எங்கள் வாட்சாப் குழுக்கள் கொதித்தன. நானும் அவ்வெண்ணைச் சிவப்பு மையால் எழுதினேன். அந்த உணரி ஏறத்தாழ மூன்று டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது என்று வானிலைத் துறை பின்னர் அறிவித்தபோது, என் தொட்டி நிழலை நினைத்துக்கொண்டு அதை அடித்தேன். அன்று சப்தர்ஜங்கில் பதிவானது 46.8. அதுவே அங்கு 79 ஆண்டுகளில் காணாத அளவு. அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் நாற்பத்தாறு என்றேன். “இங்கே வேலூர்ல நூத்தி நாலு போட்டிருக்கான், உங்க ஊர் தேவலையே” என்றார். நம் செய்தித்தாள்கள் இன்னும் பாரன்ஹீட்டில் வெயில் காய்கின்றன. அவர் கணக்கில் அது 116 என்று சொன்னதும் சிறிது நேரம் பேச்சில்லை. “கத்திரி முடிஞ்சிடுச்சுப்பா, இனிமே தணிஞ்சிடும்” என்றார் பிறகு. கதிரவன் ரோகிணிக்குள் நுழைந்த சில நாள்களில் நமக்குக் கத்திரி முடிகிறது. வடநாட்டாருக்கோ அந்த நுழைவோடுதான் ‘நௌதபா’ என்னும் ஒன்பது நாள் வெம்மை தொடங்குகிறது. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் ஒருவர் துணி தேய்த்துக் கொடுப்பார். கரி போட்ட இரும்புப் பெட்டி, கல்லடுக்கின் மேல் ஒரு பலகை, அருகில் மடித்துக் கொடுக்க அவர் மனைவி. சாச்சா என்றே அவரை அழைப்பேன். நான் வெயிலை எழுதுவது அவருக்கு வேடிக்கை. மாலைதோறும், “பேட்டா, ஆஜ் கித்னா?” என்று இன்றைய கணக்கைக் கேட்பார். நான் எண்ணைச் சொல்வேன். கிரிக்கெட் ஓட்டங்களைக் கேட்பவரைப் போலத் தலையசைத்துவிட்டு, பெட்டியின் மூடியைத் திறந்து கரியை ஊதுவார்.

ஜூன் 18 மாலை, “இன்று மே மாதத்து அளவு இல்லை சாச்சா, குறைந்துவிட்டது” என்று நல்ல செய்தி சொல்பவனாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து, “ஔர் ராத் கித்னா?” என்றார். இரவு எவ்வளவு?

என் குறிப்பேட்டில் இரவுக்குக் கட்டமே இல்லை. நாற்பது நாள்களாக எழுதியும் அது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஒரு கூலர் இருந்தது. அது போதாத இரவுகளில் பல்கலைக்கழக நூலகத்தின் குளிரூட்டிய வாசிப்பறைக்குப் போய் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிடுவேன். அவர் குடும்பம் தகரக் கூரையின் கீழே படுத்திருந்தது.

மறுநாள் காலை சப்தர்ஜங்கில் பதிவான குறைந்த அளவு 35.2. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு அவ்வளவு வெப்பமான இரவு வந்ததில்லை. குறைந்த அளவு என்பது பெரும்பாலும் விடியலை ஒட்டி, இரவின் மிகக் குளிர்ந்த வேளையில் கிடைப்பது. அதற்கு முன்னான மணிகளெல்லாம் அதனினும் சூடாகவே இருந்திருக்கும். பகல் முழுவதும் குடித்த வெப்பத்தைக் கட்டடங்கள் இரவில் உமிழும்போது, பகலில் பட்டதை உடல் ஆற்றிக்கொள்ள இடமில்லாமல் போகிறது. வானிலைத் துறையின் அறிவிப்புகளில் ‘வெப்ப இரவு’ என்றே ஒரு தனி வகை உண்டு. உச்ச அளவு 40ஐத் தொடும் நாள்களில், குறைந்த அளவு இயல்பைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்தால் அது வெப்ப இரவு. இவற்றையெல்லாம் அந்தக் காலைக்குப் பிறகுதான் படித்தேன்.

அன்று பலகை வெறுமையாக இருந்தது. பத்து மணிக்கு அவர் மனைவி என் வாயிலில் நின்று, “உன்கோ லூ லக் கயீ” என்றார்.

அவ்வேளையிலும் என் துறைப்புத்தி அவ்வாக்கியத்தில் சென்று நின்றதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். ‘லூ’ என்பது மேற்கிலிருந்து பகலில் வீசும் அனற்காற்று. அவர் மயங்கியது நள்ளிரவில், இலையசையாத புழுக்கத்தில். காற்றின் பெயர் நோயின் பெயராகிவிட்டிருந்தது. (தமிழில் ‘கோடை’ என்ற சொல் மேல்காற்றையும் குறிக்கும், பருவத்தையும் குறிக்கும்.) வாக்கிய அமைப்பு இன்னும் நெருக்கமானது. பசியும் தாகமும் அச்சமும் இந்தியில் ஒருவருக்கு ‘லக்’கும், நமக்கும் ‘எனக்குப் பசிக்கிறது’தான், ‘நான்’ அங்கே எழுவாய் ஆவதில்லை. இந்த நான்காம் வேற்றுமையைப் பற்றித்தான் என் மூன்றாம் இயல். யாருக்கு என்ற சொல் இல்லாமல் அவ்வாக்கியங்கள் நிறைவதில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். 46.8 என்று எழுதியபோது மட்டும் யாருக்கு என்று கேட்கவில்லை.

அவர் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். ஈரத்துணியும் பனிக்கட்டியும் நாங்களே வாங்கிக் கொடுத்தோம். வெளியேறும்போது தந்த சீட்டில் ‘காய்ச்சல், நீரிழப்பு’ என்றிருந்தது. வெப்பத்தைக் குறிக்கும் ஒரு சொல்லும் இல்லை. கேட்டேன். அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றார் எழுத்தர். அவர் குரலில் கடுமையில்லை. அவருக்கும் சட்டை நனைந்திருந்தது. பிழைத்தாரே என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் கரிப்பெட்டியின் முன் நிற்கும் வலு அவருக்குத் திரும்பவில்லை. பேச்சும் இடையிடையே தடுக்கிற்று. ஜூலையில் பண்டேல்கண்டிலுள்ள ஊருக்கு அழைத்துப் போனார்கள்.

அதற்கு முன்பே மழை வந்துவிட்டது. ஜூன் 28 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர். பர்சாத்தி தன் பெயருக்கு நேர்மையாக ஒழுகியது. குறிப்பேட்டின் மே மாதப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சிவப்பு மை மட்டும் பரவிக் கிடக்கிறது.

இவ்வாண்டு வேறு குறிப்பேடு. வேப்பமரத்தடியில் அவர் மனைவி தனியாகத் தேய்க்கிறார். அவர் என்னிடம் எண் எதுவும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. இரவுக்குக் கட்டம் போட்டிருக்கிறேன். நேற்றிரவு 2 மணிக்கு 32.5, காற்றில்லை, வானம் மங்கல். வெப்பமானி அதே தொட்டியருகில்தான் தொங்குகிறது. ஆகவே படிப்பவர்கள் இரண்டு மூன்று டிகிரி குறைத்துக்கொள்ளலாம்.