மழையில் நின்ற கிறிஸ் ஹெரன்

மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் ஊர்ப் பையன், கூடைப்பந்து வீரர் கிறிஸ் ஹெரன். 1999இல் அவரை டென்வர் நகெட்ஸ் அணி எடுத்தது. அடுத்த ஆண்டே சொந்த மாநிலத்தின் பாஸ்டன் செல்டிக்ஸ். அதற்குள் ஆக்ஸிகான்டின் வலிமாத்திரை அவரைப் பிடித்துவிட்டது. ஆட்டம் தொடங்கவிருந்த ஒரு நாள், செல்டிக்ஸ் உடையோடு அரங்குக்கு வெளியே மழையில், மாத்திரை விற்பவனுக்காகக் காத்து நின்றிருக்கிறார். அவரே சொன்னது. கேட்டபோது மனசு ஆடிப்போனது.

பிறகு ஹெராயின். 2008இல் அளவுமீறி ஏற்றிக்கொண்டு காரை ஓட்டி விபத்துக்குள்ளானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் போதையைத் தொடவில்லை. பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுகிறார்: கடைசி நாளின் சீரழிவை மட்டும் காட்டாதீர்கள், போதையைத் தொட்ட முதல் நாளைப் பற்றிப் பேசுங்கள் என்று. அவர் ஆடிய எந்த ஆட்டத்தையும்விட எனக்கு இதுதான் பெரிது.

வீட்டில் வளரும் பிள்ளைகள் இருந்தால், அந்த முதல் நாளைப் பற்றி இன்றே பேசுங்கள்.