சாவியும் ஏலமும் இறங்கிய கரை

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று, “அண்ணாச்சி இருக்காங்களா?” என்று கேட்கிறீர்கள். “சங்கு குளிக்கப் போயிருக்காவ” என்று பதில் வருகிறது. துண்டும் சோப்புமாகப் போனவரல்ல அவர். கடலுக்கடியில் மூழ்கிச் சங்கெடுக்கப் போனவர். இந்தக் கரையில் குளிப்பது என்றால் மூழ்குவது. ‘போயிருக்காவ’ என்பதில் உள்ள அந்த ‘வ’தான் இந்த ஊர் மரியாதை; நம் ‘ங்க’வுக்குத் தங்கை.

முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு இங்கே நடக்கவில்லை. தொழில் நின்றதும் சொற்களும் ஒவ்வொன்றாகக் கரையேறிவிட்டன. சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். முத்தைத் தரம் பிரித்து ஆணி, வடிவு, தூள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இன்று பேச்சில் மிஞ்சியிருப்பது ஆணிமுத்து ஒன்றுதான். குளிப்பவரின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவர் மனைவியின் சகோதரனாக இருப்பார் என்றும் சொல்வார்கள். தன் அக்காவோ தங்கையோ தாலி இழக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. ‘மச்சான்’ என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான பொருளை எந்த அகராதியில் தேடுவது?

காற்றுக்கும் இங்கே பெயர் உண்டு. கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே இருந்து வந்தால் கச்சான், வடக்கே இருந்து வந்தால் வாடை. (இலங்கைக்குப் போய் ‘கச்சான்’ கேட்டால் வேர்க்கடலைப் பொட்டலம் கைக்கு வரும்.) செல்போனில் காற்றின் வேகம் பார்த்துக் கடலுக்குப் போகும் பையன்களுக்கு இந்தப் பெயர்கள் எத்தனை நாள் தேவைப்படும் என்று தெரியவில்லை.

கப்பலில் வந்து இறங்கிய சொற்கள் தனிக் கதை. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தக் கரைக்கு வந்தார்கள்; 1658-ல் டச்சுக்காரர்களிடம் தூத்துக்குடியை இழந்தார்கள். அவர்கள் போனார்கள், சொற்கள் தங்கிவிட்டன. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. மீன் இறங்கியதும் கூவுகிறார்களே ஏலம், அதுவும் அப்படித்தான். தெருமுனைக் குருசடியில் இருக்கும் ‘குருசு’ம் அங்கிருந்து வந்ததே. பெயர்களும் தமிழ் நாக்குக்கு வளைந்துவிட்டன. நகராட்சித் தலைவராக இருந்து, தவித்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவந்தவரை ஊர் இன்றும் ‘குரூஸ் பர்னாந்து’ என்றுதான் சொல்கிறது. ‘பெர்னாண்டஸ்’ என்று திருத்திச் சொன்னால் யாரோ அயலூர்க்காரர் போலத் தோன்றும்.

கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்தது. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் ‘கேட்டமரான்’ ஆயிற்று. இன்று வெளிநாட்டில் அந்தப் பெயரில் ஓடும் சொகுசுப் படகில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. இங்கேயோ கட்டுமரம் இருந்த இடத்தில் ‘பைபர்’ நிற்கிறது. சங்குகூட ஆங்கில அகராதியில் ‘சேங்க்’ என்று உட்கார்ந்திருக்கிறது.

கடற்கரைப் பேச்சைக் கொச்சை என்று சினிமாவில் கிண்டல் செய்வதைக் கேட்கும்போது எனக்கு அண்டிரிக் அடிகளார் நினைவுக்கு வருவார். போர்ச்சுகல்லில் பிறந்து, தூத்துக்குடிக்குத் தெற்கே புன்னைக்காயலில் வாழ்ந்தவர். 1549 வாக்கில் அவர் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அதற்கு அவர் காது கொடுத்தது புலவர்களின் தமிழுக்கு அல்ல, இந்த மீனவர் வாயில் புழங்கிய தமிழுக்கு. ஐரோப்பியர் ஒருவர் எழுதி நம் கைக்குக் கிடைத்திருக்கும் முதல் தமிழ் இலக்கணம் அதுதான். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலும் அவர் கைவண்ணமே.

போவதென்றால் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கும் பனிமயமாதா திருவிழாவுக்குப் போங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர் திரும்பும் சமயம் அது. சென்னைத் தமிழில் பேசிக்கொண்டு ரயிலிறங்கியவர்கள், வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ‘ஏலே’ போட ஆரம்பித்துவிடுவார்கள். திரும்பும்போது மக்ரூன் வாங்காமல் வராதீர்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தான். வாயில் போட்டதும் கரைந்துவிடும். அந்த முந்திரியும் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் காய்தான். தென்கோடியில் அதற்கு அண்டிப்பருப்பு என்று பெயர்.