கிரிவலப் பாதையிலிருந்து சேப்பாக்கத்துக்கு!

"என்னது, கிரிக்கெட் பார்க்க மெட்ராஸுக்கா? அஞ்சு பொம்பளைங்களா?"

பால் பூத்தில் நின்றிருந்த பெரியவர் இப்படிக் கேட்டுவிட்டு, வாங்க வந்த பாலையே மறந்து போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீடுகளிலும் அதே கேள்விதான். "கோயிலுக்குப் போறோம்னா சரி, கல்யாணத்துக்குன்னா சரி. மேட்சுக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கள் ஐந்து பேர் வீடும் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றித்தான். ஆசிரமத்து மயில்கள் அகவத் தொடங்கும் நேரத்தில் அக்னி லிங்கத்தில் சேர்ந்து, எம லிங்கம் வரை நடந்து திரும்புவது எங்கள் வழக்கம். மலையைப் பார்த்தபடி நடக்கும்போது வீட்டுக் கவலை பாதி குறைந்துவிடும். மீதியைப் பேசித் தீர்த்துக் கொள்வோம்!

எங்களில் மூத்தவர் டீச்சர் அக்கா. அப்போது அவருக்கு 67 வயது. 2024 மே மாதம் டாக்டர் அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு, "மூட்டு ரொம்பத் தேய்ஞ்சிருக்கு. வலது முழங்காலுக்கு ஆபரேஷன் பண்ணிடறது நல்லது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா நடக்க வருவதில்லை. ஆசிரமத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்து கொள்வார். நாங்கள் திரும்பி வரும் வழியில் அவரையும் சேர்த்துக் கொண்டு காபிக்குப் போவோம்.

"ஆபரேஷனுக்கு எப்போக்கா?" என்றால், "அட போங்கடி. என் ஆட்டம் முடிஞ்சு போச்சு" என்பார். சிரித்துக் கொண்டேதான் சொல்வார். எங்களுக்குத்தான் அடிவயிறு கலங்கும்.

அக்காவுக்கு ஆட்டம் என்றால் கிரிக்கெட்தான். சிறுமியாக இருந்தபோது தென்னந்தோப்பில் அண்ணன்மாருக்குப் பந்து போட்டவர். வயசுக்கு வந்ததும் அது நின்றது. ஆனால் காதை யார் கட்ட முடியும்? சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை செய்த நாட்களில், டிரான்சிஸ்டரை அடுப்பங்கரை ஜன்னலில் வைத்துக் கொண்டே சமைத்திருக்கிறார். 1983 டிசம்பரில் சேப்பாக்கத்தில் கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 236 ரன் எடுத்து, பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டி 30-வது சதம் போட்டது அவருக்கு மனப்பாடம். 1986 செப்டம்பர் 22-ம் தேதி, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் கடைசி ஓவரில் 'டை' ஆனபோது ஒரு படி பாலைப் பொங்கவிட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக் கொண்டாராம்!

"நாப்பது வருஷமா சேப்பாக்கத்தைக் காதால கேட்டிருக்கேன். கண்ணால பார்த்ததில்லை" என்று ஒருநாள் சொன்னார். அந்த வார்த்தை எனக்குள் தைத்துவிட்டது.

அந்த ஜூன் மாதக் கடைசியில் அதே சேப்பாக்கத்தில் இந்தியப் பெண்களும் தென்னாப்பிரிக்கப் பெண்களும் டெஸ்ட் ஆடினார்கள். நான்கு நாள் ஆட்டம். 28-ம் தேதி வெள்ளிக்கிழமை, முதல் நாளிலேயே நம் பெண்கள் 4 விக்கெட்டுக்கு 525 ரன்! ஷபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தானா 149. முதல் விக்கெட்டுக்கு மட்டும் 292. அக்கா வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, "ஞாயித்துக்கிழமை நேர்லயே போய்ப் பார்த்தா என்ன?" என்று வாய் வந்துவிட்டது.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா?" என்றார் அக்கா.

"காலுக்குத்தான் வேன் இருக்கே!" என்றாள் எங்களில் இளையவள்.

வீடுகளில் சமாதானம் சொல்லி, ஞாயிறு சமையலுக்கு ஆளாளுக்கு ஓர் ஏற்பாடு செய்து, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். புளியோதரை, தயிர் சாதம், மாவடு, பிளாஸ்க்கில் காபி. பௌர்ணமிக் கூட்டம் வடிந்து ஒரு வாரம் ஆகியிருந்ததால் செங்கம் ரோடு வெறிச்சென்று இருந்தது. மலை இருட்டில் இன்னும் கறுப்பாக நின்றது. எல்லோரும் ஒரு கும்பிடு போட்டுக் கொண்டோம்.

செஞ்சியைத் தாண்டும்போது ராஜகிரிக் கோட்டையின் மேல் வெளுக்க ஆரம்பித்தது. திண்டிவனத்தில் இறங்கிக் கை காலை நீட்டினோம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்தபடி காபி குடித்தோம். நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டரும் பேச்சிலேயே கரைந்தது. அக்காவின் காலை மடக்கியபடியே வைக்காமல், எதிர் சீட்டில் தலையணை போட்டு நீட்டி வைத்துக் கூட்டி வந்தோம்.

வாலாஜா ரோட்டில் திரும்பியதும் ஸ்டேடியத்தின் வெள்ளைக் கூரைகள் தெரிந்தன. அந்தப் பக்கம் கடற்கரை, இந்தப் பக்கம் ரயில் நிலையம். "இதுதான்க்கா" என்றேன். அக்கா பேசவில்லை.

படியேறுவதுதான் பயமாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு, ஒரு படிக்கு ஒரு மூச்சு. கடைசிப் படியில் திடீரென்று எதிரே விரிந்தது பாருங்கள், பச்சைப் பட்டு போல அந்த மைதானம்! டி.வி.யில் எத்தனை முறை பார்த்தாலும் அந்த விஸ்தாரம் தெரியாது. 1934-ல் முதல் டெஸ்ட் நடந்த மைதானம். 1952-ல் இங்கிலாந்தைத் தோற்கடித்து இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற மைதானம். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார். "வெயில் கண்ணைக் கூசுது" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம்!

இடம் தாராளமாக இருந்தது. பின்வரிசையில் பள்ளிக்கூடப் பெண்கள் சிலர், ஒவ்வொரு பந்துக்கும் கத்திக் கொண்டிருந்தார்கள். இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 ரன் எடுத்து ஆட்டத்தை முடித்துக் கொண்டிருந்தது. காலையில் 4 விக்கெட்டுக்கு 236 என்று தொடங்கிய தென்னாப்பிரிக்கா, ஸ்நேஹ் ராணாவின் சுழலில் மளமளவென்று சரிந்தது. 266-க்கு எல்லோரும் அவுட்! ராணாவுக்கு மட்டும் 77 ரன்னுக்கு எட்டு விக்கெட். எங்கள் தொண்டையெல்லாம் கட்டிப் போனது.

337 ரன் பின்தங்கியதால் தென்னாப்பிரிக்காவுக்கு 'பாலோ-ஆன்'. அதாவது முடித்த கையோடு மறுபடியும் அவர்களே ஆட வேண்டும். "பாவம், சாயங்காலத்துக்குள்ள மூட்டை கட்டிடுவாங்க" என்றேன் நான்.

அங்கேதான் நான் ஏமாந்தேன். கேப்டன் லாரா வோல்வார்ட், சுனே லூஸ் என்று இரண்டு பெண்கள். அவசரமே இல்லை. வெளியே போகிற பந்தை விட்டார்கள், உள்ளே வருவதைத் தடுத்தார்கள், சும்மா வந்ததை அடித்தார்கள். ஆனி மாத வெயில், வேர்வை, சுற்றிலும் எதிரணிக்கான கைதட்டல். எதுவும் அவர்களை அசைக்கவில்லை. இரண்டாவது விக்கெட்டுக்கு 190 ரன்! லூஸ் சதம் அடித்து 109-ல் அவுட்டாகிப் போனபோது மைதானமே கைதட்டியது. எங்கள் அக்கா எழுந்து நின்று தட்டினார். முழங்காலை மறந்து எழுந்து நின்றார்!

ஆட்டம் முடியும்போது 2 விக்கெட்டுக்கு 232. வோல்வார்ட் 93 ரன்னோடு நின்றார். கூட்டம் கலைந்த பிறகும் அக்கா கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பாலோ-ஆன்னா தோத்துட்டோம்னு அர்த்தம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்லடி. மறுபடி ஆடணும்னுதான் அர்த்தம்" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. இறங்கும்போது ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்தோம். இரவு பத்தரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் வோல்வார்ட் 122 ரன் வரை போனார். தென்னாப்பிரிக்கா 373 எடுத்து, இந்தியாவை மறுபடி களத்தில் இறங்க வைத்தது. 37 ரன்தான் தேவை. நம் பெண்கள் விக்கெட் இழக்காமல் ஜெயித்தார்கள். தோல்விதான். ஆனால் எவ்வளவு மரியாதையான தோல்வி!

அந்த வாரமே அக்கா டாக்டருக்குப் போன் செய்தார். ஆபரேஷன் நடந்தது. வலியில் அழுத நாளும் உண்டு, உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண்ணைத் திட்டிய நாளும் உண்டு. "பாலோ-ஆன், அக்கா!" என்று நாங்கள் வாசலிலிருந்தே குரல் கொடுப்போம். முதலில் ஆசிரமம் வரை வாக்கரோடு, அப்புறம் தடியோடு. 2025 பொங்கல் கழிந்து ஒருநாள் எம லிங்கம் வரை எங்களோடு வந்துவிட்டார்.

2025 நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே அதே தென்னாப்பிரிக்கா. அதே வோல்வார்ட் 101 ரன் எடுத்தார். ஆனாலும் 52 ரன்னில் வென்று நம் பெண்கள் முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். அக்கா வீட்டில் ஐந்து பேரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். அடுப்பில் பால் பொங்கியது. யாரும் எழுந்து போகவில்லை!

உங்கள் தோழிகளோடு இப்படிப் புறப்பட நினைக்கிறீர்களா? சில யோசனைகள்:

மூட்டு வலி இருந்தால் ஒன்றரை மணிக்கொரு முறை வண்டியை நிறுத்தி, நாலு எட்டு நடந்துவிட்டு ஏறுங்கள்.

வழியில் உப்புப் போட்ட மோர் நல்லது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பருத்திப் புடவை, தொப்பி, வழுக்காத செருப்பு போதும். படி ஓரத்து இருக்கையைப் பிடித்துக் கொண்டால் காலை நீட்டிக் கொள்ளலாம்.

"இந்த வயசுல எதுக்கு?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்லிக் கொண்டிருக்காதீர்கள். வண்டி காத்திருக்கிறது!