மறைத்த கணக்கு

குடும்பத்திற்குள் நடந்ததை வெளியே எழுதுவது எனக்கு எளிதாயிருக்கவில்லை. என் கணவர் வாசித்துச் சம்மதம் தந்த பின்பே இதை அனுப்புகிறேன்.

நாங்கள் தூத்துக்குடியைச் சேர்ந்தவர்கள். பிழைப்பைத் தேடிச் சென்னையில் கப்பலேறி, மூன்று நாள் கடற்பயணத்திற்குப் பின் போர்ட் பிளேரில் வந்து இறங்கினோம். அந்தப் பட்டணம் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. என் கணவர் கடனில் வேன் வாங்கி, செல்லுலார் சிறை, கார்பின்ஸ் கோவ், சிடியா டாப்பு என்று சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் சென்று சம்பாதித்தார். நான் வீட்டிலிருந்து தையல் தைத்தேன்.

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. விமானமும் கப்பலும் நின்றுபோனால் தீவில் சுற்றுலா வேனுக்கு என்ன வேலை? அது வாசலிலேயே நின்றது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை ஒத்திவைக்க அனுமதி அறிவித்தது. முதலில் மூன்று மாதம் என்றும், பின்பு ஆகஸ்டு 31 வரை என்றும் அது நீண்டது. கர்த்தர் கடனை நீக்கிவிட்டார் என்று தொலைபேசி வழியே கூடிய ஜெபத்தில் நானும் சாட்சி சொன்னேன். அறியாமல் சொன்ன சாட்சி அது. ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. எங்கள் பாக்கி நான்கு லட்சம், வட்டி 12 சதவீதம். மாதம் 4,000 வீதம் ஆறு மாதத்தில் 24,000 ரூபாய் கடனோடு கூடியது. வட்டிக்கு வட்டி மாத்திரம் பின்னர் திருப்பித் தரப்பட்டது. எங்களுக்கு அது சில நூறு ரூபாயே.

இவை ஒன்றையும் என் கணவர் என்னிடம் சொல்லவில்லை. "எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ கவலைப்படாதே" என்பார். நானும் கேட்கவில்லை.

நவம்பரில் மகளின் பள்ளிச் சான்றிதழை எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஞானஸ்நானம் எடுத்தபோது நான் கழற்றி வைத்த நகைகள் அங்கே இல்லை. என் தாயார் தந்தவை. நான் அணிவதில்லை என்றாலும், மகளின் படிப்புக்கென்று வைத்திருந்தேன். வேன் தவணைக்கும் வீட்டு வாடகைக்குமாக அவற்றை 90,000 ரூபாய்க்கு அடகு வைத்திருந்தார். அன்றிரவு நாங்கள் பேசிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன். மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு சபையின் மூத்த சகோதரி ஒருவரின் வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதங்கள் கடந்தன. ஒரே கூரையின் கீழ் ஓடாத செலவு இரண்டு கூரைகளின் கீழ் எப்படி ஓடும்? விவாகரத்து என்ற வார்த்தையை முதலில் சொன்னவள் நானே. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உறுதி செய்கிறது. அதன்படி ஒரு வழக்கறிஞர் அம்மையாரைச் சந்தித்தேன். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு இரண்டு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதை அவர் விளக்கினார். அதுவரை பிள்ளையின் செலவுக்கு ஜீவனாம்சம் கேட்கலாம் என்றார். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு.

பின்பு பல பக்கங்கள் கொண்ட ஒரு படிவத்தைக் கையில் தந்தார். 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பாரும் தங்கள் வருமானம், செலவு, சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாக எழுதித் தரவேண்டும். பொய் எழுதினால் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம்.

அன்றிரவு எழுத உட்கார்ந்தேன். வாடகை, அரிசி, மின்சாரம், பள்ளிக் கட்டணம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். சேமிப்பு என்ற இடத்தில் என் கை நின்றது. தையல் வருமானத்திலிருந்து மாதம் 1,500 ரூபாய் வீதம் 28 மாதங்கள் நான் ஒரு சீட்டில் கட்டியிருந்தேன். மொத்தம் 42,000 ரூபாய். அவருக்குத் தெரிந்தால் வேன் விழுங்கிவிடும் என்று மறைத்தேன். அவர் அரிசிக்குக் கைமாற்றுக் கேட்டு வீடு வீடாய்ப் போன நாட்களிலும் நான் வாய் திறக்கவில்லை.

அனனியாவும் சப்பீராளும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து மறைத்தார்கள். நாங்களோ ஒருவருக்கொருவர் மறைத்தோம். பதினொரு ஆண்டுகள் ஒன்றாய் முழங்காற்படியிட்ட நாங்கள், ஒருநாளும் ஒன்றாய் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் போதித்ததை எத்தனை முறை கேட்டிருப்பேன்! நீதிமன்றத்தின் ஒரு படிவத்தைக் கொண்டு ஆவியானவர் அதை எனக்கு உணர்த்தினார்.

பாஸ்டர் ஐயாவின் வீட்டில் நால்வரும் உட்கார்ந்தோம். என் சீட்டை நான் முதலில் சொன்னேன். கணவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு அடகுச் சீட்டையும் கைமாற்றுக் கடன்களையும் ஒவ்வொன்றாய் மேசையில் வைத்தார். "உனக்குத் தெரிந்தால் என்னை மதிக்கமாட்டாய் என்று பயந்தேன்" என்றார். அவர் அழுது நான் கண்டது அதுவே முதல் முறை.

அற்புதமாய்ப் பணம் வரவில்லை. 2021 ஏப்ரலில் வேனை விற்றோம். கடனில் குறைந்த 35,000 ரூபாயைச் சீட்டுப் பணத்திலிருந்து அடைத்தோம். கணவர் மாதச் சம்பளத்திற்கு ஓட்டுநராய்ச் சேர்ந்தார். நகைகளை 2022-இல் இரண்டு தடவையாய் மீட்டோம். நானும் மகளும் வீடு திரும்பினாலும், நம்பிக்கை திரும்ப அதைவிட அதிக காலம் ஆயிற்று. இன்றும் மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு, குடும்ப ஜெபத்திற்குப் பின் ஒரு நோட்டில் வரவும் செலவும் கடனும் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் கணவர் என்னை அடித்தவரல்லர், குடிப்பவருமல்லர். அடிபட்டு, உயிருக்குப் பயந்து வெளியேறிய சகோதரிக்கு என் சாட்சியைக் காட்டி, திரும்பிப் போ என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். தேவன் தள்ளிவிடுதலை வெறுக்கிறார் என்று மல்கியாவிலிருந்து போதிக்கிறோம். இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்வதையும் அதே பகுதி கண்டிக்கிறதே. அப்படிப்பட்டவளோடு சட்ட உதவி அலுவலகம் வரை கூடப் போவதும் சபையின் ஊழியந்தான்.

மற்றவர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள் இது. இன்றிரவு ஜெபித்து எழுந்தபின், மறைத்து வைத்திருக்கும் சீட்டையும் ரசீதையும் எடுத்து ஒருவருக்கொருவர் காட்டுங்கள். படிவம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கர்த்தர் உங்கள் வீடுகளுக்குச் சமாதானம் அருளுவாராக. ஆமென்.