நமது வலியை நாமே சொல்வோம்



பல்வலியைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகிறது என்கிறோம். கடித்தால் சுருக்கென்று குத்துகிறது என்கிறோம். இரவில் விண்விண்ணென்று தெறிக்கிறது, ஈறு வீங்கியிருக்கிறது, தாடை கனக்கிறது என்கிறோம். ஒவ்வொரு சொல்லும் மருத்துவருக்கு ஒரு தடயம். ஆனால் லண்டனில் குடியேறியுள்ள நம் தாய்மார் பலர் பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்ததும் இவ்வளவும் 'பெயின்' என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒரு சொல்லையும் அவர்களுக்குப் பதிலாக, உடன் வந்த மகனோ மகளோதான் சொல்கிறார்கள்.

கிழக்கு லண்டனில் நாம் ஓதிக்கொடுக்கும் வார இறுதி மதரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மாருள் ஒருவர் கீழக்கரைப் பக்கத்தவர். கடைவாய்ப்பல் வலி தாங்காமல் தம் பன்னிரண்டு வயது மகனை உடன் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றிருந்தார். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் மருத்துவர் ஏதோ கேட்க, மகன் தலையைக் குனிந்துகொண்டு, "உம்மா, வயித்துல பாப்பா இருக்கான்னு கேக்குறாங்க" என்றானாம். அப்போது அவருக்கு இரண்டு மாதம். கணவரைத் தவிர எவருக்கும் தெரியாது. "இல்லைன்னு சொல்லு வாப்பா" என்று கூறிவிட்டார். "புள்ளைட்ட எப்படி ஆலிமா சொல்றது?" என்று பின்னர் நம்மிடம் கேட்டார்.

அவருடைய வெட்கத்தில் குறை காண நாம் விரும்பவில்லை. ஹயா ஈமானின் ஒரு பகுதி. ஆயினும் அந்த 'இல்லை' என்ற சொல்லின் விலையை நாம் அறிந்திருக்க வேண்டும். பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகச் சிறியது. அதனால் அஞ்ச வேண்டியதில்லை. மருந்துகளின் நிலை வேறு. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளையும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகளையும் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் பொதுவாகத் தருவதில்லை. கர்ப்பம் என்று அறிந்தால்தானே அவர்கள் தவிர்க்க முடியும்? மேலும், இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தை பிறந்து 12 மாதம் ஆகாத தாய்மாருக்கும் என்.ஹெச்.எஸ். பல் சிகிச்சை இலவசம். ஒரு பிள்ளையின் முன் வாய் திறக்க இயலாததால் அந்த உரிமையும் கைநழுவுகிறது.

எனவே நாம் வலியுறுத்துவது ஒன்றே: நம் உடலின் செய்தியை நம் பிள்ளைகளின் தலையில் சுமத்த வேண்டாம். மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது, தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். பேச்சுத் தெளிவுள்ள தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். துணை கேட்பது இழிவன்று. ஆனால் அந்தத் துணை வயதிலும் பக்குவத்திலும் பொருத்தமானதாக இருக்க வேண்டும். என்.ஹெச்.எஸ். பல் மருத்துவ நிலையங்களில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்கு நோயாளி பணம் செலுத்த வேண்டியதில்லை. நேரம் குறிக்கத் தொலைபேசியில் அழைக்கும்போதே, 'ஐ ஸ்பீக் தமிழ். ஐ நீட் ஆன் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்' என்று சொல்லிவிடுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமாயின், 'கேன் ஐ சீ எ ஃபீமேல் டென்டிஸ்ட், ப்ளீஸ்?' என்று அப்போதே கேளுங்கள். எல்லா இடத்திலும் கிடைக்கும் என்பதில்லை. ஆனால் சிகிச்சையின்போது மருத்துவருடன் ஒரு செவிலியும் அறையில் இருப்பதே இங்குள்ள வழக்கம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இனி வலியைச் சொல்லும் ஆங்கிலம். நாம் அந்தத் தாய்மாருடன் அமர்ந்து பயிற்சி செய்தபோது, பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களே போதுமென்று கண்டோம்.

முதலில் இடம். 'டாப் லெஃப்ட்', 'பாட்டம் ரைட்', 'அட் த பேக்'. மேல் இடது, கீழ் வலது, பின்பக்கம். இடமும் வலமும் நம்முடைய இடம் வலமே. எதிரே நிற்பவருடையவை அல்ல. விரலால் தொட்டு, 'திஸ் ஒன்' என்றாலும் போதும்.

அடுத்து வலியின் தன்மை. பல் கூசினால், 'இட் இஸ் சென்சிடிவ் டு கோல்ட்'. கடிக்கும்போது குத்தினால், 'ஷார்ப் பெயின் வென் ஐ பைட்'. விண்விண்ணென்று தெறித்தால், 'த்ராபிங் பெயின்'. ஓயாத மந்தமான வலிக்கு, 'டல் ஏக்'. ஈறு வீங்கியிருந்தால், 'மை கம் இஸ் ஸ்வோலன்'.

மூன்றாவது காலம், இதுவே மிக முக்கியம். குளிர்ந்த நீர் பட்டுச் சில நொடிகளில் அடங்கிவிடும் கூச்சம் பெரும்பாலும் சிறு சிகிச்சையோடு தீரும். சூடான தேநீர் குடித்த பின் நெடுநேரம் நீடிக்கும் வலி, காரணமின்றித் தானே எழும் வலி, உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை பல்லின் உள்ளே உள்ள நரம்புப் பகுதி பழுதடைந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். வேர் சிகிச்சையோ பல் அகற்றுதலோ தேவைப்படலாம். ஆகவே, 'இட் ஸ்டாப்ஸ் குயிக்லி', 'இட் லாஸ்ட்ஸ் எ லாங் டைம்', 'இட் வேக்ஸ் மீ அட் நைட்' என்ற மூன்றில் எது பொருந்துமோ அதைச் சொல்லுங்கள். 'பெயின்' என்ற சொல் மட்டும் இதில் எதையும் உணர்த்தாது.

நான்காவது, உடல்நிலை. 'ஐ ஹேவ் டயாபடீஸ்'. 'ஐ டேக் ப்ளட் தின்னர்ஸ்', அதாவது வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகள். 'ஐ ஆம் அலர்ஜிக் டு பெனிசிலின்'. 'ஐ ஆம் ப்ரெக்னன்ட்'. மாத்திரைகளின் பெயர் நாவில் வராவிட்டால் பெட்டிகளையே எடுத்துச் சென்று காட்டுங்கள். எலும்புத் தேய்மானத்துக்காக வாரம் ஒருமுறை அலென்ட்ரோனிக் ஆசிட் உட்கொள்ளும் மூத்தவர்கள் அதை மறவாமல் காட்ட வேண்டும். பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறுவதை அது பாதிக்கக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒருவர் பேசும்போது 'ம், சரி, சரி' என்று தலையசைப்பது நம் மரியாதை. கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே அதன் பொருள். அதையே 'யெஸ், யெஸ்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், மருத்துவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடும். பல்லை அகற்றுவதற்கான சம்மதமாகவும் அது கொள்ளப்படலாம். விளங்காதபோது, 'சாரி, ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் சே இட் ஸ்லோலி' என்று சொல்லத் தயங்காதீர்கள். 'இஸ் தேர் அனதர் வே?', 'ஹவ் மச் வில் இட் காஸ்ட்?', 'ஐ வான்ட் டு திங்க்' என்பனவும் நாம் சொல்ல உரிமையுள்ள வாக்கியங்களே. சிகிச்சை தொடங்கிவிட்டால் வாயால் பேச இயலாது. அதற்கு முன்பே, 'இஃப் ஐ ரெய்ஸ் மை ஹேண்ட், ப்ளீஸ் ஸ்டாப்' என்று உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள்.

வணக்கத்தோடு தொடர்புடைய இரண்டு கேள்விகள் நம்மிடம் அடிக்கடி வருகின்றன. ஒன்று நோன்பு. ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, பல்லைத் துளைப்பதும் பிடுங்குவதும் சுத்தம் செய்வதும் தொண்டைக்குள் எதையும் விழுங்காதவரை நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. 'ஐ ஆம் ஃபாஸ்டிங். ஐ மஸ்ட் நாட் ஸ்வாலோ எனிதிங்' என்று சொன்னால், உறிஞ்சு குழாயைக் கவனமாகப் பயன்படுத்துவார்கள். விழுங்கிவிடுவோமோ என்ற அச்சமிருந்தால், அவசரமில்லாத சிகிச்சையை நோன்பு திறந்த பின்னரோ ரமளானுக்குப் பின்னரோ வைத்துக்கொள்ளலாம். கடும் வலியோடும் வீக்கத்தோடும் காத்திருப்பது வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான்.

மற்றொன்று உளூ. பல் பிடுங்கியபின் ஒரு நாள் வாய் கொப்பளிக்க வேண்டாம் என்பார்கள். குழியில் உறைந்த இரத்தம் கலையக்கூடாது என்பதே காரணம். உளூவில் வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் ஸுன்னத்தாகும். அந்த நேரத்தில் விட்டுவிடுவதால் உளூ செல்லாமல் போகாது. கடமையான குளிப்பில் ஹனஃபீகளுக்கு அது ஃபர்ளு என்பதால், அத்தகையோர் தம் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளவும்.

சகோதரிகளே, உங்களுக்குப் பொருந்தும் வாக்கியங்களை மட்டும் ஒரு சிறு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். வீட்டில் நாலைந்து முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். உச்சரிப்பு பிசகினால் மருத்துவர் மீண்டும் கேட்பார், அவ்வளவே. சகோதரர்களே, உங்கள் மனைவியோ தாயோ சொல்லும்போது இடைமறித்துப் பேசாமல், அவர் திணறும் இடத்தில் மட்டும் ஒரு சொல் எடுத்துக் கொடுங்கள். பிள்ளைகள் வெளியே காத்திருக்கும் அறையில் தங்கள் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும் தெளிவான நாவையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.